கெட்டிக் கண்ணாடி சூட்டைத் தாங்காது

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வலது கையில் கட்டுடன் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தான். வீட்டில் படிகம் வளர்த்துப் பார்க்க, ஊறுகாய் பாட்டிலில் படிகாரக் கரைசலை ஊற்றி, கேஸ் அடுப்பில் நேராகத் தீயின் மேல் வைத்திருக்கிறான். பாட்டில் படீரென்று சிதறிவிட்டது. கூட வந்த அப்பா வாசலிலேயே சொன்னார்: "நல்ல கெட்டியான பாட்டிலாகப் பார்த்துத்தான் சார் கொடுத்தேன்." இதே வாக்கியத்தை இந்தக் கல்வியாண்டில் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேதியியல் ஆய்வகத்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெட்டியாக இருப்பதாலேயே கண்ணாடி வெடிக்கிறது. அடிப்பக்கம் தீயில் சுட்டு விரிகிறது. கனமான சுவர் என்பதால் சூடு மறுபக்கம் போய்ச் சேர நேரமாகிறது. அந்தப் பக்கம் விரியாமல் அப்படியே நிற்கிறது. ஒரே கண்ணாடிக்குள் ஒரு பக்கம் விரிய, இன்னொரு பக்கம் மறுக்க, நடுவில் பிளக்கிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் சூடு சட்டென்று பரவிவிடும். ஆய்வக முகவையை, அதாவது பீக்கரை, கையில் எடுத்துப் பாருங்கள், டீக்கடை கிளாஸைவிட மெலிதாக இருக்கும். இரண்டாவது விஷயம், கண்ணாடியின் வகை. ஊறுகாய், ஜாம், ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எல்லாம் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. முகவையும் சோதனைக்குழாயும் போரோசிலிக்கேட் என்ற, சூடு தாங்கும் கண்ணாடி. அதே சூட்டுக்கு முன்னது பின்னதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும். "டஃபன்ட்" (உறுதியூட்டியது) என்று எழுதிய கண்ணாடி டம்ளரையும் காட்டி வாதாடுகிறார்கள். அது கீழே விழுந்தால் எளிதில் உடையாது என்பதற்காகச் செய்தது, அடுப்பில் வைப்பதற்காக அல்ல. மைக்ரோவேவில் வைக்கலாம் என்று எழுதியிருந்தாலும் நேரடித் தீக்கு அது சான்றிதழ் ஆகாது.

இதற்கெல்லாம் தீர்வு உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர். சூடாக்குவதை அதில் சூடாக்குங்கள், ஆறிய பிறகு கண்ணாடியில் ஊற்றி வேடிக்கை பாருங்கள். அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் டம்ளரை நிறுத்தினால் இன்னும் நல்லது. படிக வளர்ப்புக்கு அந்தச் சூடே தாராளம். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், சலவைச் சோடாவைக் காய்ச்சினால் பாத்திரமே கரைய ஆரம்பிக்கும். சோதனைக்கு எடுத்த டம்ளர் மறுபடி காபிக்குப் போகக் கூடாது. பெயிண்டில் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணாடிதான் வேண்டும் என்றால் அறிவியல் உபகரணக் கடைக்குப் போங்கள். பள்ளிகளுக்குச் சரக்குப் போடும் கடை அநேகமாக ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் இருக்கும். சில்லறைக்கும் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தக் கடை என்று உங்கள் பிள்ளையின் வேதியியல் ஆசிரியருக்கோ ஆய்வக உதவியாளருக்கோ தெரியும். ஜூன் மாதத்தில் மட்டும் போகாதீர்கள், பள்ளிகள் மொத்தமாக வாங்கும் நேரம் அது, கடைக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அங்கே ஒரு 100 மில்லி முகவை, நாலு சோதனைக்குழாய், ஓர் இடுக்கி, ஒரு கம்பி வலை போதும். 2,000 ரூபாய்க்கு "கிட்" என்று பெட்டி போட்டு விற்பதில் பாதி பிளாஸ்டிக் பொம்மை.

மற்றவை தெருவில் கிடைக்கும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். முகவையில் இருக்கும் கோடுகள் உத்தேசமானவை, ஐந்து சதவீதம் வரை முன்பின்னாக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பிலும் முகவையில் அளந்து எழுதும் மாணவர்கள் உண்டு, அது தனிக் கதை. சிரிஞ்ச் அதைவிட எவ்வளவோ மேல். ஹோமியோபதிக் கடையில் மூடி போட்ட சிறு குப்பிகளும் சொட்டுக் குழாயும் கிடைக்கும். மீன் தொட்டிக் கடையில் வளையும் குழாய், டி வடிவ இணைப்பு. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டும் லென்ஸை எங்கே வாங்கினார் என்று அவரிடமே கேளுங்கள், பூவின் மகரந்தத்தூளைப் பார்க்க அருமையானது.

நாட்டு மருந்துக் கடைதான் நம் ஊரின் வேதிப்பொருள் கிடங்கு. படிகாரம், நவச்சாரம், இந்துப்பு, வெங்காரம் எல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகளுக்குப் படிகாரத்தோடு நிறுத்துங்கள். பச்சைப் படிகம் போல் மின்னும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) நீலமாக ஜொலிக்கும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) கண்ணை இழுக்கும். மயில்துத்தம் விஷம். வெடியுப்பையும் கந்தகத்தையும் சேர்த்துக் கேட்கும் பையனுக்குக் கொடுக்காத கடைக்காரருக்கு நான் வணக்கம் சொல்வேன்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வெந்நீரில் விடாதீர்கள். அதன் எல்லை 42 டிகிரி. அதைத் தாண்டினால் உடையும், பழையது என்றால் பாதரசம் தரையில் ஓடும். ஓடிவிட்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, மூடியுள்ள குப்பியில் அடைத்து வையுங்கள். சோதனைக்கு 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானியே வேண்டும், பாதரசத்துக்குப் பதில் சிவப்புத் திரவம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். எரியும் சாராய விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். கழிவறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். ஹார்டுவேர் கடையில் கண்ணில் மாட்டும், பக்கவாட்டு மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி விற்கிறார்கள், அதை வாங்காமல் வேறெதுவும் வாங்காதீர்கள். "என் பையன் ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டிருக்கிறான்" என்பது பதில் இல்லை. அதன் இரு பக்கமும் திறந்தே கிடக்கிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்சக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேனே என்பீர்கள். வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது, பாட்டியின் கண்ணுக்கு எழுத்து தெரியாது.

கட்டுப் போட்ட பையன் அடுத்த வாரம் மறுபடி வருகிறான். ஆய்வகத்தில் நானே ஒரு முகவை தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் அப்பா, விளிம்பு லேசாகச் சிதறிய பழைய முகவை இருந்தால் போதும், வீணாகத்தானே கிடக்கிறது என்றார். இலவசமாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். சூடேறும்போது விரிசல் அந்த விளிம்பிலிருந்துதான் கிளம்பும்.