அமைச்சகம் அல்ல, பணி

"ஏழைகளுக்கான அமைச்சகம்." "முதியோர் அமைச்சகம்." "பங்கு அமைச்சகங்கள் வழங்கும் உணவுப் பொட்டலம்." நவம்பர் பிறந்தால் போதும், மண்டபம் முதல் தொண்டி வரை எந்தக் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தின்) வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இந்தச் சொல்தான் கண்ணில் படுகிறது. உலக வறியோர் நாளை 2017 முதல், நவம்பர் நடுவில் வரும் பொதுக்காலம் 33ஆம் ஞாயிற்றில் கொண்டாடுகிறோம். அதையொட்டி வெளிநாட்டுப் பங்குகளின் செய்திகளைக் கைபேசியில் போட்டு மொழிபெயர்த்து, வந்ததை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் 'மினிஸ்ட்ரி', திருச்சபை செய்யும் பணி என்ற பொருளில் வந்தாலும், அமைச்சகம் ஆகிவிடுகிறது. இப்போது அச்சடித்த நோட்டீசிலும் ஏறிவிட்டது.

தங்கச்சிமடத்தில் ஓர் அக்கா. வீட்டுக்காரர் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் பல வாரம் ஆகியிருந்தது. நோட்டீசைப் படித்துவிட்டு அவர் கேட்டது: "இதுக்கு மனு எழுதிக்கிட்டுப் போகணுமா? ஆதார் நகல் எத்தனை வேணும்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. அமைச்சகம் என்றால் மனு, வரிசை, முத்திரை. மீன்துறைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்தவருக்கு அந்தச் சொல் வேறு எதைச் சொல்லும்? கோயிலும் இன்னொரு அலுவலகம் என்று எண்ணிக்கொண்டார்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். மினிஸ்ட்ரிக்கு மூலம் இலத்தீனின் 'மினிஸ்தேரியும்'. மினிஸ்தர் என்றால் ஏவல் செய்பவர், பந்தியில் பரிமாறுபவர். 'மினுஸ்', அதாவது 'குறைவு', என்பதன் அடியாகப் பிறந்தது. மேலே நிற்பவர் மாகிஸ்தர், கீழே நிற்பவர் மினிஸ்தர். அரசனுக்கு ஏவல் செய்தவர்களையும் அப்படி அழைத்து, நாளடைவில் அது மந்திரிக்குப் பெயராயிற்று. விவிலியத்தின் கிரேக்கச் சொல் தியாக்கோனியா. அதற்கும் பொருள் பரிமாறுவதுதான். அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் விடுபட்டுப்போனதால் எழுவரைத் தேர்ந்த கதை திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

தமிழில் அமைச்சு வேறு குடும்பம். குறளில் 64ஆம் அதிகாரத்தின் பெயரே அமைச்சு; அரசனுக்கு அறிவு சொல்பவரின் இலக்கணம் அது. அவர் பந்தி பரிமாறுபவர் அல்லர். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை இரண்டு இடத்தில் ஒட்டுவது மொழிபெயர்ப்பே ஆகாது.

அமைச்சகத்தை விரட்டுவது எளிது. கடினமானது அடுத்தது. இதைச் சுட்டிக்காட்டினால், "அப்படியானால் ஊழியம் என்று போடுங்கள்" என்கிறார்கள். பங்குப் பேரவைக் கூட்டங்களிலேயே "ஏழைகள் ஊழியம்", "சிறை ஊழியம்" என்று சொல்லப் பழகிவிட்டோம். சீர்திருத்த சபைச் சகோதரர்களின் நெடுநாள் வழக்கு அது. அவர்கள் வேதாகமத்தில் அதற்கு ஓர் அழகும் உண்டு. "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற மாற்கு 10:45 எனக்கும் மனப்பாடம். ஆனாலும் நம் நோட்டீசுக்கு அது வேண்டாம் என்பேன்.

முதலாவது, அந்தச் சொல்லின் மேல் கிடக்கும் சுமை. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதியார் முதுகில் சுமத்தப்பட்டது. எதிர்க்கரையில், டச்சுக்காரர் ஆண்ட இலங்கையிலும் சோனகரிடமும் செட்டிகளிடமும் வாங்கிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். வறியவனிடம் வலிந்து பிடுங்கிய உழைப்பின் பெயரை, வறியவனுக்காக மனம் உவந்து செய்வதற்கு வைக்கலாமா? இரண்டாவது, இன்றைய பேச்சில் ஊழியம் சுருங்கிவிட்டது. "அவர் முழுநேர ஊழியத்துக்கு வந்துட்டார்" என்றால் போதிக்கக் கிளம்பிவிட்டார் என்றுதான் எவரும் புரிந்துகொள்வர். சோறு ஆக்கிப் போடப் போனார் என்று யாரும் நினைப்பதில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005இல் எழுதிய முதல் சுற்றுமடலில் இறைவார்த்தையை அறிவித்தல், அருளடையாளங்களைக் கொண்டாடுதல், பிறரன்புப் பணி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிரியாதவை என்றார். ஊழியம் முதலாவதோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது, 'அரசு ஊழியர்' இருக்கிறார். சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம் எல்லாம் அந்தச் சொல்லோடு கூடவே வரும்.

சேவை? வடசொல் என்பதற்காக மட்டும் நான் ஒதுக்கவில்லை, அதுவும் ஒரு காரணம் என்றாலும். இ-சேவை மையம், சேவைக் கட்டணம், வாடிக்கையாளர் சேவை என்று அது கடைச்சொல் ஆகிவிட்டது. தொண்டு நல்ல சொல், பொன்னான சொல். நம் விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் அதே மாற்கு வசனம் "தொண்டு ஏற்பதற்கு அல்ல, மாறாகத் தொண்டு ஆற்றுவதற்கும்" என்றிருக்கிறது. குருவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் தியாக்கோனைத் திருத்தொண்டர் என்கிறோம். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையின் அதே சொல். ஆனால் பதிவெண்ணும் திட்ட அறிக்கையும் உள்ள 'தொண்டு நிறுவனம்' அதை இன்று பாதி விழுங்கிவிட்டது.

ஆகவே பணி. பணிதல் என்றால் தாழ்தல், வணங்குதல். "பணியுமாம் என்றும் பெருமை" என்கிறது 978ஆம் குறள். மினுஸ் என்ற வேரில் இருக்கும் அதே தாழ்வு இங்கே வினையாகவே நிற்கிறது. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற அப்பர் வாக்கு பள்ளிக்கூடம் போகாத மனிதர் வாயிலும் வரும். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சகத்தைத் தேடிப் போவதைப் பார்க்க மனம் ஆறவில்லை. வறியோருக்குச் செய்வது பிறரன்புப் பணி. கரித்தாஸ் என்ற இலத்தீனுக்குப் பிறரன்பு என்று நம்மவர் கண்டது தெளிவான ஆக்கம். தருமம் என்றால் போடுபவன் கை மேலே இருக்கும், பிறரன்பில் மேல் கீழ் கிடையாது.

பங்கு என்ற சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் மறைமாவட்டத்தின் ஒரு பிரிவு பங்கு. நம் கரையில் படகு திரும்பியதும் பிரிப்பதும் பங்குதான்: படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு. கடலுக்குப் போக முடியாத கிழவி கரையில் நின்றால் கறிக்கு மீன் அள்ளிப் போடுவார்கள். அவரை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களான அன்பியங்களில் பெண்கள் உலையில் போடுமுன் எடுத்து வைக்கும் பிடியரிசியும் இப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்கால 61 நாளில், அந்த அரிசி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அன்பியத்துக்குத் தெரியும்.

இதையும் இப்போது அறிக்கைகளில் "பயனாளிகளுக்கு உலர் உணவு விநியோகம்" என்று எழுதுகிறார்கள். பயனாளி! 1833இல் பாரிசில் ஓசனாம் தம் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இரண்டிரண்டு பேராக வீடு தேடிப் போகிறது. பாயில் உட்கார்ந்து கதை கேட்டு, ஒன்றாகச் செபித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அந்த வீட்டை அவர்கள் குடும்பம் என்றே குறிப்பிடுவார்கள். பெயரும் முகமும் உள்ள மனிதரைப் பயனாளி என்று எழுதுகிற கைதான் அமைச்சகம் என்றும் எழுதுகிறது. திட்ட மொழியில் படித்து, திட்ட மொழியிலேயே சிந்திக்கும் பழக்கம் அது. மொழிபெயர்ப்பவர்கள் அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரிகிறதா என்று கேட்டிருந்தால் பாதிப் பிழை அங்கேயே நின்றிருக்கும்.

நோட்டீஸ் அடிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பணிக்குழு வேறு, பணி வேறு. ஆயர் பேரவையிலும் மறைமாவட்டத்திலும் இயங்கும் குழுவுக்குப் பணிக்குழு என்று பெயர். பங்கில் நாம் செய்வது பணி. முதியோர் பணி, நோயாளர் பணி, வறியோர் பணி என்று எழுதுங்கள். செய்பவர் பணியாளர். சிறைப்பணி என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் நிலைத்துவிட்டது. மற்றவற்றையும் அதன் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.