சிக்னல் எண்ணை மட்டும் லாகில் எழுதாதீர்கள்

"வொர்க்கர் நின்றுவிட்டது, சிக்னல் 10." சிக்னல் என்பது ஓடும் புரோகிராமுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாக வரும் அறிவிப்பு. நடுராத்திரியில் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்டெல் லினக்ஸில் 10 என்றால் சிக்யூசர்1 (SIGUSR1), புரோகிராமர் தன் விருப்பப்படி பயன்படுத்தும் சிக்னல். மேக்கில் அதே 10 சிக்பஸ் (SIGBUS), தவறான மெமரி அணுகலைச் சொல்வது. லினக்ஸில் சிக்பஸ்ஸுக்கு எண் 7. எந்த மெஷினின் லாக் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

இதற்காகச் சிலர் எண்ணையும் பெயரையும் கையால் அடித்து ஒரு அர்ரே வைத்திருப்பார்கள். கோட் ரிவ்யூவில் கண்ணில் பட்டால் நீக்கச் சொல்லிவிடுவேன். எண்ணைக் கொடுத்தால் விளக்கம் தரும் ஸ்ட்ர்சிக்னல் (strsignal) ஃபங்ஷன் 2008 முதல் யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பொதுத் தரமான போசிக்ஸிலேயே இருக்கிறது. 11 கொடுத்தால் லினக்ஸில் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று தரும். லாகில் எண், விளக்கம் இரண்டையும் போடுங்கள். விளக்கம் லோக்கேலுக்கு (சிஸ்டத்தின் மொழி அமைப்புக்கு) ஏற்ப மாறலாம் என்பதால் அதை மட்டும் நம்பித் தேட முடியாது.

அதிகம் பேர் சறுக்குவது வேறு இடத்தில். சைல்டு புராசஸ் எப்படி முடிந்தது என்று சொல்லும் வெயிட்பிட் (waitpid) தரும் ஸ்டேட்டஸை அப்படியே ஸ்ட்ர்சிக்னலுக்குக் கொடுக்கிறார்கள். செக்மென்டேஷன் ஃபால்ட்டில் கோர் ஃபைலும் (கிராஷ் நேரத்து மெமரியின் பதிவு) விழுந்திருந்தால் லினக்ஸில் ஸ்டேட்டஸ் 139 என்று வரும்: சிக்னல் 11, கோர் விழுந்ததைக் காட்டும் பிட்டுக்கு 128. ஷெல்லும் 139 என்றே காட்டும், ஆனால் அது கோர் விழுந்தாலும் விழாவிட்டாலும் 128-ஐக் கூட்டிச் சொல்வது. குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா! முதலில் டபிள்யூஇஃப்சிக்னல்ட் (WIFSIGNALED) மேக்ரோவால் சிக்னலால்தான் முடிந்ததா என்று பாருங்கள். பிறகு டபிள்யூடெர்ம்சிக் (WTERMSIG) தரும் எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

சிக்னல் ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள்) ஸ்ட்ர்சிக்னல் வேண்டாம். அது உள்ளே மெமரி கேட்கலாம். மெமரி ஒதுக்கும் மல்லாக் (malloc) தன் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் கிராஷ் ஆகியிருந்தால், புரோகிராம் சாகவும் செய்யாமல் தொங்கி நிற்கும். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் (glibc), 2020-இல் வந்த 2.32 முதல், இதே வேலையைச் செய்யும் சிக்டெஸ்கர்_என்பி (sigdescr_np) இருக்கிறது. ஹேண்ட்லருக்குள்ளும் பாதுகாப்பானது, மொழிபெயர்க்காது, தெரியாத எண்ணுக்கு வெற்று மதிப்பான நல் (NULL) தரும் (அதைச் சோதிக்காமல் பிரின்ட் செய்யாதீர்கள்). எல்லா சிஸ்டத்திலும் அது கிடைக்காது. என்னைக் கேட்டால், விளக்கம் எழுதும் வேலையைப் வொர்க்கரைத் தொடங்கிய பேரன்ட் புராசஸிடம் விடுவதே நிம்மதி.

விளக்கம் வந்தாலும் காரணம் வந்துவிடாது. முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் இன்டெல் லினக்ஸில் "ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்" என்றுதான் வரும். 9-க்கு "கில்டு", அவ்வளவுதான். கொன்றது யார் என்று சொல்லாது. மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கலாம் என்பதால், 9-ஐப் பார்த்ததும் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைத் (dmesg) திறந்து பாருங்கள்.