எங்கள் வீட்டில் ஏது சப்பாத்திக் கட்டை?

போன மாதம் ஒரு சித்திரப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். கேலிச்சித்திரப் பிரிவு. வந்த படங்களைப் புரட்டப் புரட்ட எனக்குத் தலை கிறுகியது. பதினொரு பிள்ளைகள் ஒரே படத்தை வரைந்திருக்கிறார்கள்: பிந்தி வரும் கணவன், கதவுக்குப் பின்னால் சப்பாத்திக் கட்டையோடு மனைவி.

மட்டக்களப்பில் எத்தனை வீட்டில் சப்பாத்திக் கட்டை இருக்கிறது, பிள்ளைகளே? நம் குசினியில் பிட்டுக் குழல் இருக்கிறது, இடியப்ப உரல் இருக்கிறது, துருவலை இருக்கிறது. ரொட்டியைக் கையால் தட்டித்தான் சுடுகிறோம். அந்தக் கட்டை யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்திலிருந்து நேரே தாளுக்கு வந்திருக்கிறது. நடுவில் ஒரு கண்ணும் வேலை செய்யவில்லை.

அதில் ஒரு பையன் என்னிடம் சித்திரம் படிப்பவன். கூப்பிட்டுக் கேட்டேன். “ஐடியா வரல்ல சேர். நம்மட ஊருல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்றான்.

இருபது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்கிறேன். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் இதையேதான் சொல்கிறார்கள்: நகைச்சுவை என்பது எங்கேயோ இருக்கும் ஒரு பொருள், தேடி எடுத்துவர வேண்டும், அதற்குப் போன் வேண்டும். ஐயா, அம்மா, அப்படி இல்லை. காலையில் மீன் சந்தைக்குப் போய் அரை மணித்தியாலம் ஓர் ஓரமாக நில்லுங்கள். ஒரு அக்கா ஒரு கூறு இறாலுக்கு விலை கேட்கிறா. கட்டவில்லை. “வேணாம்” என்று திரும்பி நடக்கிறா. அந்த நடையைப் பாருங்கள். உண்மையாகவே போகிறவ அப்படி நடக்கமாட்டா. பின்னாலிருந்து கூப்பிடுவார் என்று தெரிந்து, கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்துக்குள் நடக்கிறா. வியாபாரிக்கும் அது தெரியும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இறாலுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். யார் முதலில் உடைவார்கள்? இதற்கு மேல் என்ன வேண்டும்?

கரண்ட் போனால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மெழுகுதிரி தேடுவதில்லை. வெளியே வந்து பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறோம். அங்கேயும் இல்லையென்றால் ஒரு நிம்மதி. 2022இல் மண்ணெண்ணெய்க்கு நின்ற நாட்களை நினையுங்கள். கொளுத்தும் வெயிலில் கான்கள் ஒழுங்காக வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர் எல்லாம் மர நிழலில் இருந்தார்கள். அந்தக் கஷ்டத்துக்குள்ளும் அது ஒரு படம்தான். நான் அன்றைக்கே வரைந்து வைத்தேன்.

1924இல் மட்டக்களப்பு வாவிக்கு மேலே திறந்த கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரம் நடந்து பாருங்கள். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில்தான் போகின்றன. பழைய பாலத்தில் ஆறுதலாக நின்று பார்க்கலாம். தூண்டில் போடுகிறவர் ஒருவர், அவருக்கு யோசனை சொல்கிறவர்கள் ஐந்து பேர். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். பாடுமீன் என்றதும் ஒலிவாங்கி பிடித்த மீனை வரைகிறீர்களே, அதை நூறு தடவை பார்த்துவிட்டேன். பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்து அந்தப் பாட்டைக் கேட்பார்கள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவரின் போன் அலறினால்? மீனை வரையவே தேவையில்லை.

பெரிய கேலிச்சித்திரக்காரர்களும் இப்படித்தான். ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழை நடத்திய சுந்தர் வரைந்த சவாரித்தம்பர் கிராமத்து மனிதர். இந்தியாவின் ஆர். கே. லக்ஷ்மண் 1951இல் வரையத் தொடங்கிய ‘பொது மனிதன்’ வேட்டியும் கட்டம் போட்ட கோட்டுமாக ஓரத்தில் நிற்பார். வாயே திறக்கமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சுற்றிப் பார்க்கப் பழகாதவர்கள்தான் ஆளின் உடம்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். கறுப்பு, குண்டு, மாறுகண், திக்குவாய். ஒரு மாணவன் தன் ஒழுங்கைக் கடைக்காரரின் சாய்ந்த நடையை வரைந்து பேஸ்புக்கில் போட்டான். நூற்றுக்கணக்கானோர் சிரித்தார்கள். அவருடைய மகள் அந்தப் பையனின் வகுப்பில்தான் படிக்கிறாள். ஒரு கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தக் கடைக்காரர் கடன் கொப்பியைத் திறந்ததும் கடையில் நிற்கிற நாலு பேரும் கூரையைப் பார்ப்பார்களே, அதை வரைந்திருந்தால் அவரே கடையில் ஒட்டியிருப்பார்.

சரி, என்ன செய்யலாம்? நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் பென்சிலும் பையில் இருக்கட்டும். பார்த்ததை அங்கேயே இரண்டு வரி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் பாதி போய்விடும். ஆட்களைப் போனில் படம் எடுக்காதீர்கள். அது மரியாதையும் இல்லை, படம் எடுத்த பிறகு கண் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறது. காதில் விழுந்த பேச்சை விழுந்தபடியே எழுதுங்கள். மீன் விற்கும் அண்ணன் பிறகு வரச் சொல்லி “மறுகா வாங்க” என்றால் படத்திலும் “மறுகா வாங்க” என்றே சொல்லட்டும். அவர் வாயில் சென்னைப் படத் தமிழைத் திணிக்காதீர்கள். முகத்தைவிட முதுகையும் கையையும் கவனியுங்கள். எங்கள் தொழிலில் பாதிச் சிரிப்பு ஆள் நிற்கிற நிலையில் இருக்கிறது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை சும்மா பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏசாதீர்கள்.

“ஐடியா வரல்ல” என்ற அந்தப் பையனிடம், “ஒரு கிழமைக்குப் போனைத் தொடாதே, குசினியில் இருந்து பார்” என்றேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அடுத்த சனிக்கிழமை ஒரு தாளோடு வந்தான். அவனுடைய அம்மம்மா துருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறா. பின்னாலிருந்து ஒரு சின்னக் கை தேங்காய்ப்பூவை அள்ள நீளுகிறது. அம்மம்மா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் இடது கை ஏற்கெனவே அடிக்க ஓங்கியிருக்கிறது. பேச்சு ஒன்றும் எழுதவில்லை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தங்கள் புறங்கையைத் தடவினார்கள்.