0.6 என்ற எண்ணும் மூளையின் ஓர் இணைப்பும்

மூளை ஆய்வு பற்றிய செய்திகளோடு வெளிவரும் படங்களில், பெருமூளையின் மேல் சிறு உருண்டைகளும் அவற்றுக்கிடையே ஓடும் வண்ணக் கோடுகளும் காணப்படும். அந்தக் கோடுகளை நரம்பிழைகள் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். இழைகளின் போக்கையே காட்டும் படங்களும் உண்டு. ஆனால் ‘செயல்சார் இணைப்பு’ என்ற பெயரில் வரும் படங்களில் கோடு என்பது ஒரு கணக்கின் விடை. இரண்டு இடங்களில் பதிவான ஏற்ற இறக்கங்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டு, வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால் அங்கே கோடு இழுக்கப்படுகிறது. எனவே படத்தை நம்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை உடற்கூற்றியலைவிடப் புள்ளியியலில்தான் அதிகம் இருக்கிறது.

இந்த ஏற்ற இறக்கங்களைப் பதிவுசெய்வது, காந்தப்புலத்தைக் கொண்டு மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி. அது நரம்பணுக்களின் மின்துடிப்பை அளப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்யும்போது அங்கே ரத்த ஓட்டம் தேவைக்கும் மேலாகப் பெருகுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால், அந்தப் பெருக்கம் கருவியில் ஒரு சிறு மாற்றமாகப் பதிவாகிறது. ஜப்பானிய ஆய்வாளர் சேய்ஜி ஒகாவா 1990இல் கண்டுசொன்ன அடிப்படை இதுதான். இந்த மாற்றம் மந்தமானது: நரம்பணுக்கள் துடித்து முடித்து ஐந்தாறு வினாடிகள் கழித்தே உச்சத்தைத் தொடும். இரண்டு வினாடிக்கு ஒருமுறை முழு மூளையையும் படமெடுத்தால், பத்து நிமிடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் 300 அளவீடுகள் கிடைக்கின்றன.

1995இல் பரத் பிஸ்வாலும் அவருடைய சகாக்களும், எந்த வேலையும் செய்யாமல் அசையாது படுத்திருந்தவர்களிடம் இந்த அளவீடுகளை எடுத்தார்கள். கை அசைவைக் கட்டுப்படுத்தும் இடப்பக்கப் பகுதியும் வலப்பக்கப் பகுதியும், கைகள் சும்மா இருந்தபோதும் சேர்ந்தே ஏறி இறங்கின. அதுவரை இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டுவந்த மெதுவான அலைகளில் இந்த ஒழுங்கு ஒளிந்திருந்தது. ஓய்வுநிலை ஆய்வு என்ற துறை இதிலிருந்துதான் வளர்ந்தது.

சேர்ந்து ஏறி இறங்குவதை அளக்கும் எண் ஒட்டுறவுக் கெழு. முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0, நேர்மாறாக நடந்தால் −1. உளவியலுக்கு இது புதிய கருவி அல்ல. 1904இல் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன் பள்ளிப் பிள்ளைகளின் தேர்ச்சியை ஆராய்ந்து, ஒரு பாடத்தில் தேறியவர்கள் பிற பாடங்களிலும் தேறும் போக்கைக் கண்டார். அந்த ஒட்டுறவுகளுக்கெல்லாம் பின்னால் ஒரு பொதுக் காரணி இருப்பதாக வாதிட்டார். அவருடைய முடிவு இன்றும் சர்ச்சைக்குரியது. அவர் கையாண்ட தர்க்கம் மட்டும் மறுக்க முடியாதது: இரண்டு அளவுகள் ஒத்துப்போவதற்கு அவை நேரடியாகத் தொடர்புற்றிருக்க வேண்டும் என்பதில்லை, மூன்றாவது ஒன்று இரண்டையும் இயக்கினால் போதும்.

மூளையில் அ, ஆ, இ என்று மூன்று பகுதிகளை எடுத்துக்கொள்வோம். அ–ஆ ஒட்டுறவு 0.6. படத்தில் தடித்த கோடு வரைய இது தாராளமாகப் போதும். இப்போது அ–இ ஒட்டுறவு 0.75 என்றும் ஆ–இ ஒட்டுறவு 0.8 என்றும் தெரியவருகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.6. அதாவது இ வழியாக மட்டுமே தொடர்பு இருந்தால் அ–ஆ ஒட்டுறவு எவ்வளவு இருக்குமோ, சரியாக அவ்வளவே இருக்கிறது. இ–யின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும் ‘பகுதி ஒட்டுறவு’ இங்கே பூஜ்யம். கோட்டை அழித்துவிட வேண்டியதுதான்.

அப்படியானால் எப்போதும் பகுதி ஒட்டுறவையே கணக்கிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. தமக்குள் தொடர்பே இல்லாத அ, ஆ இரண்டும் தனித்தனியே இ–யை இயக்குகின்றன என்றும், ஒவ்வொன்றுக்கும் இ–யோடு உள்ள ஒட்டுறவு 0.6 என்றும் வைத்துக்கொண்டால், இ–யைக் கழித்த பிறகு அ–ஆ பகுதி ஒட்டுறவு −0.56 என்று வரும். இல்லாத உறவைக் கணக்கே உண்டாக்கிவிட்டது! எது எதை இயக்குகிறது என்று முன்கூட்டித் தெரியாதவரை எதைக் கழிப்பது, எதைக் கழிக்காமல் விடுவது என்பதை எண்கள் தாமாகச் சொல்லா. இன்னொரு தடையும் உண்டு. 2016இல் வெளியான, இன்று பரவலாகப் பயன்படும் ஒரு வரைபடம் பெருமூளையின் வெளி அடுக்கான புறணியைப் பக்கத்துக்கு 180 வீதம் 360 பகுதிகளாகப் பிரிக்கிறது. 300 அளவீடுகளை வைத்துக்கொண்டு 360 பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் பகுதி ஒட்டுறவு காணக் கணிதமே இடம்கொடுப்பதில்லை. வலுவற்ற தொடர்புகளைப் பூஜ்யத்தை நோக்கி அமுக்கும் உத்திகளால் சமாளிக்கிறார்கள். எவ்வளவு அமுக்குவது என்பது ஆய்வாளரின் முடிவு.

மூன்றாவது காரணி மூளைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தலை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே பல இடங்களின் அளவீடுகள் ஒருசேரக் குலுங்கும். அதனால் அருகருகே உள்ள பகுதிகளின் ஒட்டுறவு செயற்கையாகக் கூடுகிறது, தொலைவில் உள்ளவற்றின் ஒட்டுறவு குறைகிறது என்று 2012இல் தெளிவாயிற்று. சிறுவர்களும் நோயாளிகளும் கருவிக்குள் அதிகம் அசைபவர்கள். வளரும் மூளையில் நெடுந்தூர இணைப்புகள் மெல்லத்தான் வலுப்பெறுகின்றன என்று அதுவரை சொல்லப்பட்டதில் ஒரு பங்கு, பிள்ளைகள் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டதன் தடயமாக இருந்தது. துறைக்கே சங்கடமான கண்டுபிடிப்பு இது. அதை வெளியிட்டவர்களில் அந்தப் பழைய முடிவைச் சொன்னவர்களும் இருந்தார்கள் என்பது பாராட்டத்தக்கது.

எண்ணிக்கையின் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம். 360 பகுதிகளில் 64,620 இணைகள் உண்டு. உண்மையில் எந்த உறவும் இல்லாவிட்டாலும், தற்செயலாகத் தேறும் வாய்ப்பை 5 விழுக்காட்டோடு நிறுத்தும் வழக்கமான வரம்பை வைத்துச் சோதித்தால் சுமார் 3,231 இணைகள் தற்செயலாகவே தேறிவிடும். இதற்குத் திருத்த முறைகள் இருக்கின்றன. பெரும்பாலோர் இன்று அவற்றைப் பின்பற்றுகிறார்கள்.

இணைப்பின் வலிமையை ஒருவருடைய அறிவுத்திறனோடோ மனச்சோர்வோடோ பொருத்திப் பார்க்கும்போது, எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. உண்மை உறவு பூஜ்யமாகவே இருந்தாலும், 25 பேரை வைத்துக் கணக்கிடும் ஒட்டுறவு −0.4க்கும் +0.4க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஆகவே 0.4ஐத் தாண்டினால்தான் முடிவு பொருட்படுத்தத் தக்கதாகிறது, அச்சேறுகிறது. உண்மை மதிப்பு 0.1 என்றால், அச்சேறும் ஒவ்வொரு முடிவும் அதை நான்கு மடங்குக்கு மேல் ஊதிக் காட்டியே தீரும்; சரியாக 0.1 என்று கண்டவரின் ஆய்வு மேசை இழுப்பறையில் கிடக்கும். 2022இல் சுமார் 50,000 பேரின் தரவுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, வேறொரு குழுவினரிடமும் மீண்டும் உறுதிப்பட்ட உறவுகளில் மிகப் பெரியதே 0.16 அளவில்தான் இருந்தது. ஓர் உறவு எவ்வளவு வேறுபாட்டை விளக்குகிறது என்பதைச் சொல்லும் அதன் வர்க்கம் சுமார் 0.026: மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் மூன்று விழுக்காட்டைக்கூட அது விளக்கவில்லை.

இத்தனைக்கும் இந்த எண்கள் வெறும் இரைச்சல் அல்ல. 2015இல் 126 பேரின் இணைப்பு வரைபடங்களை ஒரு குழு எடுத்துக்கொண்டது. ஒரு நாள் எடுத்த வரைபடத்தை மறுநாள் எடுத்த 126 வரைபடங்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய ஒட்டுறவு எதனோடு என்று மட்டும் பார்த்தது. ஓய்வுநிலையில் எடுத்தவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேலான முறை, அது அதே ஆளுடைய வரைபடமாகவே இருந்தது.