வெள்ளைச் சேற்றின் நடுவே ஒரு சிவப்புப் பட்டை

கடலடிச் சேற்றைச் சலித்து, அதில் கிடக்கும் ஃபோராமினிஃபெரா எனும் நுண்ணுயிர்களின் ஓடுகளைப் படிப்பது என் வேலை. மணல் துகள் அளவுதான் இருக்கும். ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சுண்ணாம்பு ஓடுகள் என்பதால் அந்தச் சேற்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டாலே நுரைத்துப் பொங்கும்.

மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, 2003-இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் என்னும் கடலடி மேட்டில் துளையிட்டு எடுத்த மண்தூண்களின் படங்களை. வெள்ளைச் சேறு சட்டென்று நின்றுபோய்ச் செங்கபிலக் களிமண் தொடங்கும். அதில் அமிலம் விட்டால் பொங்காது. மேலே போகப் போகத்தான் மெல்ல வெளுக்கும்.

அந்தப் பட்டையின் வயது சுமார் 5.6 கோடி ஆண்டு. அப்போது காற்றிலும் கடலிலும் ஏராளமான கார்பன் கலந்து, உலகம் 5, 6 டிகிரி செல்சியஸ் சூடேறியது. கடலில் கரையும் கார்பன் டை ஆக்சைடு, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைத் தின்றுவிடும். கடலில் ஓர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு தங்காது. அந்த எல்லை 2 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஏற்கெனவே படிந்திருந்த ஓடுகளும் கரைந்தன. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அழிந்தன.

இன்று நாம் வெளியேற்றும் கார்பனைப் பற்றிப் பேசினால், "பூமி பார்க்காததா? கடல் தானே சரியாகிவிடும்" என்று கூட்டங்களில் சொல்வார்கள். சரியாகத்தான் ஆனது. கரைய எடுத்தது சில ஆயிரம் ஆண்டுகள். மீள எடுத்தது ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல்.

இன்னொரு கேள்வியும் வரும். டைனோசர் காலத்தில் கார்பன் டை ஆக்சைடு இன்றைவிட அதிகம்தானே, அப்போது ஓடுகள் கரையவில்லையே? உண்மைதான். இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகள் அன்றைய ஓடுகளின் குவியலே. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் காலக் கடல் படிவுதான். அப்போது கார்பன் மெதுவாகச் சேர்ந்தது. மழை பாறைகளைக் கரைக்க, அதில் வெளிவரும், அமிலத்தை முறிக்கும் காரப்பொருளை ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்து ஈடுகட்டின. ஆகவே நான் முதலில் பார்ப்பது அளவை அல்ல, வேகத்தை.

தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் சராசரி பி.எச் (இது குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது) 8.2-இலிருந்து 8.1 ஆகியிருக்கிறது. சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டன என்று அர்த்தம். ஆண்டுக்குச் சுமார் 1000 கோடி டன் கார்பனை எரித்து வெளியேற்றுகிறோம். சிவப்புப் பட்டைக் காலத்தைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு வேகம். நான் கையாண்ட எந்த மண்தூணிலும் இந்த வேகத்தைப் பார்த்ததில்லை.