கேமரா ஸ்டாண்டில் அந்தக் கொக்கி எதற்கு?

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விடியற்காலை. திருவையாற்றில் காவிரிக் கரையில் ட்ரைபாடை விரித்து, ஒளியை உள்ளே விடும் ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்து, ஓடும் தண்ணீரை எடுக்கப் பார்த்தேன். பத்துப் படம். பத்திலும் தண்ணீரோடு அக்கரைத் தென்னையும் சேர்ந்து ஓடியிருந்தது.

கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. ட்ரைபாடைக் கவிழ்த்துப் பார்த்தார். "தம்பி, நடுவுல இந்தக் கொக்கி எதுக்குன்னு நினைச்சே?" மூன்று வருஷமாக அதில் லென்ஸ் துடைக்கும் துணியைத்தான் தொங்கவிட்டிருந்தேன்.

அடுப்புக் கூட்ட மூன்று கல் வைப்பது போலத்தான் இதற்கும் மூன்று கால். எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். தரை கோணலாக இருந்தாலும் கால் அந்தரத்தில் நிற்காது. ஆனால் கால் தரையில் பதிவது வேறு, காற்றுக்குச் சாயாமல் நிற்பது வேறு. அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் ஒன்றரைக் கிலோ அலுமினியம் எம்மாத்திரம்?

கொக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மாட்டினால், ஸ்டாண்டைக் கவிழ்க்க நினைக்கும் காற்று அந்த ஐந்து கிலோவையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். மூட்டுகளில் இருக்கும் சின்னத் தளர்வும் எடையில் இறுகிவிடும். கயிற்றை நீளமாக விட்டால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. தாராளமாக ஆடும் எடை எவ்வளவு கீழே தொங்கினாலும் இழுப்பதென்னவோ கொக்கியைத்தான். அதோடு, காற்றில் கேன் ஊஞ்சலாடினால் அந்த ஆட்டமே படத்தைக் கெடுக்கும். கேனின் அடி லேசாகத் தரையைத் தொடும்படி வைத்தால் சரி. ஸ்டாண்டு தாங்கும் எடையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கால்களின் திசை. மூன்று பாதங்களையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். அதன் நடுவிலிருந்து ஒரு பாதம் இருக்கும் தூரத்தில் சரிபாதியிலேயே பக்கக் கோடு வந்துவிடும். அதனால் இரண்டு கால்களுக்கு நடுவில் உள்ள பக்கமாகத்தான் ஸ்டாண்டு சுலபமாகச் சாயும். மேற்கிலிருந்து காற்று அடித்தால் ஒரு காலைக் கிழக்கே நீட்டி வையுங்கள். கனமான லென்ஸ் என்றால் அதற்கு நேர் கீழே ஒரு கால்.

கேமராவைத் தாங்கும் நடுத்தண்டை உயர்த்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். தூண்டில் கோல் மாதிரிதான்: நீளம் இரட்டித்தால் அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். பல மாடல்களில் இந்தத் தண்டைக் கழற்றித் தலைகீழாகவும் செருகலாம். நாற்றங்காலில் தவளையின் கண்மட்டத்துக்குக் கேமரா இறங்கிவிடும்.

உயரம் வேண்டுமென்றால், காலில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கணுக்களில் தடித்ததை முதலில் நீட்டு, மெலிந்ததைக் கடைசியில் நீட்டு என்பது பொது விதி. சேற்றில் இது அப்படியே தலைகீழ். அடிக்கணுவை முதலில் முழுசாக நீட்டினால்தான் திருகு மூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும்.

நம் வயலின் களிமண்ணில் பாதம் மெதுவாகப் புதையும். ஷட்டர் திறந்திருக்கும்போது புதைந்தால் படம் போச்சு. மூன்று கொட்டாங்கச்சிகளை மல்லாத்தி வைத்து அதற்குள் கால்களை ஊன்றினேன். இரண்டரை சென்டிமீட்டர் ரப்பர் பாதம் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மாறினால் பரப்பு 16 மடங்கு, மண்மீது அழுத்தம் 16-ல் ஒரு பங்கு. காய்ந்த வரப்பில் இதெல்லாம் வேண்டாம். சில ஸ்டாண்டுகளில் ரப்பர் பாதத்தைத் திருகினால் உள்ளிருந்து கூர்முனை வெளியே வரும், மண்ணில் குத்தி நிறுத்தலாம். கோயில் கல்தரையில் மட்டும் மறக்காமல் உள்ளே தள்ளிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் அலசி, நீட்டியபடியே காயவைக்கிறேன். மூட்டைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால், உள்ளே இன்னும் ஆற்று மணல் இருக்கிறது.