முகாமுக்குப் படிவத்தோடு போகும் மாணவர்களுக்கு

"அம்மா, இதில ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் ஒன்றில், முதுகலை சமூகப்பணி மாணவன் ஒருவன் நீட்டிய தாளை அந்த அம்மா வாங்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இது எங்கள அனுப்புற பேப்பரோ?"

அவன் சிரித்துவிட்டான். "அய்யோ, இல்லம்மா, இது படிப்புக்கு." பின்னால் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளுக்கு ஒப்புதல் கொடுத்து அனுப்பியதே நான்தான். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். கல்லூரியின் நெறிமுறைக் குழு கேட்கும் வடிவம் அதுதான் என்பதால் நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அந்த அம்மாவின் கேள்வி சும்மா வந்ததல்ல. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழகத்தில் முகாம்களின் நிலைமையே மாறிப்போனது. 1992 ஜனவரியில் ஈழத் தமிழர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ‘விருப்பத்தின் பேரில் போகிறேன்’ என்று அப்போது கையெழுத்து வாங்கிய படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கையெழுத்து வைத்தவர்களில் பலருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. இதைப் பற்றி வெளியே பேச்சு கிளம்பியது. அதே ஆண்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்கள் உண்மையிலேயே விரும்பித்தான் போகிறார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தது. முப்பது ஆண்டு கழித்து நாங்களும் ஆங்கிலத் தாளோடுதான் போய் நிற்கிறோம், கையெழுத்துக் கேட்டுக்கொண்டு.

உலகளாவிய நீதி, அகதிகள் உரிமை என்று தலைப்பு எடுக்கும் மாணவர்கள் இப்போது அதிகம். நல்லதுதான். ஆனால் முகாமுக்குப் போகும் பலர் அனுமதி வேறு, சம்மதம் வேறு என்பதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தில் கடிதம் கொடுத்து, ஆட்சியர் அலுவலகம் வழியாக வாங்கி வருவது அனுமதி. அதைக் காட்டினால் கேட் திறக்கும். வீட்டுக்குள் இருப்பவர் பேசச் சம்மதித்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. அதிலும் வருவாய் ஆய்வாளரின் வண்டிக்குப் பின்னாலேயே போய் இறங்கினால், அன்று முழுக்க நீங்கள் அவருடைய ஆள். என்ன கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைச் சதவீதமாக்கி அட்டவணை போட்ட ஆய்வேடுகளை நானே படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அந்த மாணவனின் வினாத்தாளில் 31ஆவது கேள்வி: ‘தாயகம் திரும்ப விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை’. அதே கேள்வியை ஃபைலோடு வரும் அதிகாரிகளும் கேட்பார்கள். ‘ஆம்’ என்றால் அனுப்பிவிடுவார்களோ, ‘இல்லை’ என்றால் யார் காதுக்குப் போகுமோ என்று இரண்டுக்கும் பயம். அதற்கு மேல், எது தாயகம்? முகாம்களில் மலையகத் தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள். பிரிட்டிஷ் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. பெயர் எந்தப் பட்டியலில் ஏறியது என்று தெரியாமலே 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வடக்கே ஓடி, அங்கிருந்து படகேறி வந்தவர்கள் உண்டு. பாட்டன் ஊருக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான் என்ற நிலையில் முகாமில் இருப்பவரிடம் தாயகம் பற்றி ஆம்/இல்லை கேட்டால் அவர் என்ன சொல்வார்?

இன்னொரு கேள்வி பார்க்கச் சாதாரணமானது: ‘வீட்டில் தற்போது இல்லாத உறுப்பினர்கள் யார், எங்கே?’ குடும்ப விவரம் எடுக்க எல்லோரும் கேட்பதுதான். ஆனால் முகாம் ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். வெளியூர் சைட்டில் பத்து நாள், இருபது நாள் தங்கிவிடுவார்கள். இடையில் அதிகாரிகள் ஆள் எண்ணும் செக்கிங் வந்து, ஆள் இல்லை என்று பதிவை வெட்டிவிட்டால் உதவித்தொகை நிற்கும். திரும்பச் சேர்க்க எத்தனையோ அலைச்சல். ‘மூன்றாவது வீடு, கணவர் கேரளாவில்’ என்று நீங்கள் குறித்த நோட்டு டீக்கடையில் மறந்துபோனால் உங்களுக்கு நஷ்டம் நோட்டு மட்டும்தான். பெயரை மாற்றிவிட்டேன் என்பதும் போதாது. முகாமின் பெயர், வந்த ஆண்டு, சொந்த ஊர், ‘இரண்டு பெண் பிள்ளைகள், பெயிண்டர்’ என்று நான்கு விவரம் இருந்தால் முகாமில் சின்னப் பிள்ளைகூட ஆளைச் சொல்லிவிடும்.

சட்டம் தெரியாமலும் போகக் கூடாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2021இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது, புதிய வீடுகள் வந்தன, உதவித்தொகை கூடியது. சட்டப்படியான நிலை மட்டும் அப்படியே நின்றது. ஆனால் இதைப் படித்துவிட்டு ‘இவர்களுக்கு எதுவுமே கிடையாது’ என்று எழுதினாலும் தப்பு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் மாணவிகள் இருவர் மனப்பான்மையை அளக்கும் கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரிடம் எந்தப் பிறப்புச் சான்று இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை, கேட்டவர்களுக்கு மட்டும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். பட்டியல் அந்தந்தக் குடும்பத்திடமே இருந்தது, நாங்கள் எடுத்து வரவில்லை. ஆய்வேடு மெலிந்துதான் போனது. வெளித்தேர்வாளர் ‘மாதிரி அளவு போதாது’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். குறைக்கட்டும்.

என் வகுப்பிலேயே முகாமிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு பருவம் முழுக்கச் சிரியாவையும் ரோஹிங்கியாவையும் படம் போட்டுக் காட்டி நடத்தினேன், வாயே திறக்கவில்லை. பருவக் கடைசியில் வருகைப்பதிவு குறைகிறதே என்று கூப்பிட்டுக் கேட்டேன். "செக்கிங் நாள்ல நான் வீட்ல இருக்கணும் மேடம். இங்க வந்தா அங்க ஆப்சென்ட், அங்க இருந்தா இங்க ஆப்சென்ட்," என்றாள்.

அடுத்த ஆண்டு வினாத்தாளை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். 42 கேள்விகளில் 19ஐ அடித்தாள். 31ஆவதை இரண்டு கோடு போட்டு அடித்தாள். ஒப்புதல் படிவம் தமிழில் அரைப் பக்கமானது. கையெழுத்து வேண்டாம், வாய்ச் சம்மதம் போதும் என்று நெறிமுறைக் குழுவிடம் மூன்று முறை வாதாட வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் கண்டறிந்ததை முகாமுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவது என்றும் முடிவானது.

முதல் தடவை வேப்பமரத்தடியில் வாசித்தோம். முப்பது பேர் இருந்திருப்பார்கள். நடுவில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "பழைய வீடுகள் பத்துக்குப் பத்து எண்டு எழுதியிருக்கிறியள். எங்கட லைன்ல எட்டுக்குப் பத்துத்தான்."

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அவரே உள்ளே போய் டேப் எடுத்து வந்தார். ஒரு முனையை என் மாணவன் பிடித்துக்கொண்டான்.

எட்டேகால்.